விதை எண்

வெறும் இரைச்சலுக்கு வெட்கம் கிடையாது, ஆனால் இது நான் காது கொடுத்ததும் அடங்கிக்கொள்கிறது, என்று மார்தேஸ் நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கணினித் திரையில் பச்சைக் கோடு காற்றடித்த புல் போலச் சிலிர்த்து ஆடியது. மறுபடி மாட்டினாள். கோடு தணிந்தது. வாசலில் ஆள் வந்து நின்றதும் உள்ளே பேச்சு நிற்குமே, அப்படி. கழற்றினாள், ஆடியது. மாட்டினாள், தணிந்தது. வயர் சரியில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு வயரை அசைத்துப் பார்த்தாள். வயர் சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட்டில், மாதாவுக்கு எடுக்கும் சாந்தா மரியா திருவிழா வாரத்தில், மால்டாவில் வேலை செய்பவர்கள் மருத்துவர்களும் வெடி விடுகிறவர்களும் மட்டும்தான். மற்றவர்கள் கடலில் கிடப்பார்கள். அட்டார்ட் ஊரின் பழைய தெரு ஒன்றில் இருந்த அந்த வீட்டின் முன்னறைகளில், இணையத்தில் ஆடும் சூதாட்ட விளையாட்டுகளைச் செய்து விற்கிற கம்பெனி ஒன்று நடந்தது. வீடும் கம்பெனியும் சில்வன் என்கிற அறுபது வயதுக்காரருடையவை. ஊழியர்கள் எல்லோரும் விடுமுறையில் போயிருந்தார்கள். ஏ.சி. குளிருக்காக நாற்காலி முதுகுகளில் அவர்கள் மாட்டி வைத்துப் போன கம்பளிச் சட்டைகள், ஆள் இல்லாத தோள்களோடு, அணைந்த கணினிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

மார்தேஸ் பின்பக்கச் சமையலறையில் இருந்தாள். சன்னல் பலகைகளைச் சாத்தி வைத்திருந்ததால் காலை வெயில் கீற்றுக் கீற்றாகத் தரையில் விழுந்து, மேசைக்கால் வரை வந்து, அதற்கு மேல் வர மனமில்லாதது போல நின்றிருந்தது. கோயில் பக்கம் வெடி வெடிக்கும்போதெல்லாம் பலகைகள் அதிர்ந்து, சுண்ணாம்புக் கல் சுவரிலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்து, கந்தக வாடை தெருவழியே மிதந்து வந்தது. ஆனால் அதற்கும் அடியில், மாதக்கணக்கில் மழை பார்க்காத அந்தத் தீவில் இருக்கவே கூடாத ஒரு வாசனை, ஈரக்கல்லின் வாசனை, முற்றத்துக் கதவின் கீழிடுக்கு வழியாகச் சன்னமாக, விடாமல் வந்துகொண்டிருந்தது.

முற்றத்தில் கிணறு இருந்தது. பழைய மால்டா வீடுகளில் எல்லாம் இருப்பதுதான். மழைநீரைச் சேர்க்கப் பாறையைக் குடைந்து செய்தது. மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் குறுகிய வாய், கீழே போகப் போக மணி போல விரிந்த வயிறு. எட்டிப் பார்த்தால் விழுங்கி இழுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் அம்மாக்கள் பிள்ளைகளைக் கிணற்றிடமிருந்து காப்பாற்றினார்கள். இந்தக் கிணற்றுக்குள் ஒரு ஒலிவாங்கி தொங்கியது.

இவ்வளவுதான் விஷயம். எங்கோ பின்லாந்திலோ பெருவிலோ ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் பொத்தானை அமுக்குகிறார். திரையில் படச் சக்கரங்கள் சுழல்கின்றன. எங்கே நிற்கவேண்டும் என்பதை ஒரு எண் முடிவு செய்கிறது. அந்த எண் யாராலும் ஊகிக்க முடியாததாக, யாருக்கும் வேண்டியதாகவோ வேண்டாததாகவோ இல்லாமல் இருந்தால் விளையாட்டு நேர்மையானது. மற்ற கம்பெனிகள் அந்த எண்ணை இயந்திரத்திடம் வாங்கின. சில்வன் கிணற்றிடம் வாங்கினார். ஆளில்லாத கிணற்றின் இரைச்சலை எண்களாக மாற்றினால் அதை யாரும் உடைக்கவும் முடியாது, விலைக்கு வாங்கவும் முடியாது. தொழிலில் எல்லோரும் அதை மெச்சினார்கள். பரிசோதனைக் கூடத்தின் முத்திரை கிணற்று மூடியில் ஒட்டப்பட்டது. விளையாடுகிறவர்கள் நம்பினார்கள்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். போனமுறை கூடத்திலிருந்து வந்து ஒட்டியவள் ரொவீனா. இந்த முறை மார்தேஸ்.

கிணற்றிலிருந்து வருகிற எண்கள் நேராக விளையாட்டுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு கணக்கு அவற்றைக் கலக்கி எடுக்கும். அதற்குத் தொழிலில் சலவை என்று பெயர். சலவைக்குப் பின் வெளிவருவதைத்தான் எல்லோரும் சோதிப்பார்கள். ரொவீனாவும் அதைத்தான் சோதித்தாள். ஆனால் அந்தச் சலவையில் எந்த அழுக்கும் போய்விடும். ஒரு குழந்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தால்கூட மறுபக்கம் மாசற்ற தற்செயலாக வெளியே வரும். அதனால் மார்தேஸ் சலவைக்கு முந்தைய எண்களைக் கேட்டாள். கேட்டதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் கேட்கிறவள் அல்ல. கோயிலில் உண்டியல் தூக்க யாரும் வராவிட்டால் அவளைத்தான் பார்ப்பார்கள், அவளும் எழுந்துவிடுவாள். “நீ கேள்வியைக் கேட்டு முடிக்கவே விட மாட்டியே, அதுக்குள்ள சரி சொல்லிடுவ,” என்று பிரிந்துபோன கணவன், பிரிவதற்குச் சம்மதம் கேட்ட அன்று, கொஞ்சம் பரிதாபத்தோடுதான் சொன்னான். அதற்கும் அவள் சரி என்றாள். சான்றிதழில் போடும் கையெழுத்து ஒன்றைத்தான் அவள் இதுவரை யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை.

எண்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். பூச்சியம் முதல் ஒன்பது வரை, ஒன்றன்பின் ஒன்றாக, முடிவில்லாமல். ஒவ்வொரு எண்ணும் வரவேண்டிய அளவுக்கு வந்திருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு சமமாக எதையும் அவள் பார்த்ததில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரே எண் அடுத்தடுத்து வரவே இல்லை.

தற்செயல் என்றால் பத்தில் ஒரு தடவையாவது வரவேண்டும். நாலுக்குப் பின் நாலு. ஆறுக்குப் பின் ஆறு. பக்கம் பக்கமாக நகர்த்தினாள். வரவில்லை. அவள் கூடத்தில் உடன் வேலை செய்கிற கிளேட்டனைக் கைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் கடலும் குழந்தைகளும் இரைந்தன.

“சாந்தா மரியா வாரத்துல வேலை பார்க்கிற ஒரே மால்டாக்காரி நீதான் அம்மணி. மாதாவே லீவு எடுத்துட்டாங்க.”

“கிளேட்டன், ஒரே நம்பர் ரெண்டு தடவை சேர்ந்து வரவே மாட்டேங்குது. சலவைக்கு முன்னாடி.”

“அப்ப அது மெஷின் இல்ல, எங்க மாமா. லாட்டரிச் சீட்டுல நம்பர் போடச் சொல்லு, ஏழு போட்டுட்டு உடனே ஏழு போடவே மாட்டார். இப்பதானே போட்டோம்னு தோணும் பாரு மனுஷனுக்கு.” சிரித்தான். “மனுஷங்க யோசிச்சுச் சொன்னா அப்படித்தான் இருக்கும். ஒழுங்கா மைக்கைத் துடைச்சுட்டு மறுபடி எடு.”

“ரொவீனாகிட்ட கேக்கலாமா?”

“அவ மெல்போர்ன்ல கங்காருவுக்குக் கணக்கு சொல்லித் தர்றாளாம். நாலு தடவை மெசேஜ் போட்டேன், பதிலே இல்ல. கோசோத் தீவுக்காரி, திமிர் ஜாஸ்தி. ஏழை அவ ஊர்ப் பேச்சுல சொல்றதை ‘ஏளு, ஏளு’ன்னு கிண்டல் பண்ணோம்ல, மனசுல வச்சிருக்கா.”

அவன் வைத்துவிட்டான். வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. மனுஷங்க யோசிச்சுச் சொன்னா. அந்தச் சொற்கள் சமையலறையில், அவன் சிரிப்பு இல்லாமல், தனியாக நின்றன.

ஒருவர் இருளில் உட்கார்ந்து இவ்வளவு எண்களைச் சொல்ல முடியுமா என்று அவள் நினைக்கவில்லை, நினைக்க மறுத்தாள், ஆனால் அவள் மறுத்துக்கொண்டிருக்கும்போதே கைகள் காலையில் பதிவான ஒலியைத் தேடி எடுத்தன, அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு பதிவானதை, யாரும் கேட்கவில்லை என்று அது நம்பிக்கொண்டிருந்த நேரத்தை, அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தன, மறுபடி பாதியாக, சீறல் மெல்ல மெல்லக் கரகரப்பாக, கரகரப்பு மூச்சாக, மூச்சு பல மூச்சுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு மூச்சின் நுனியிலும் சின்னதாக, களைத்ததாக, ஒரு சொல் தொங்குவது கேட்கும் வரை.

“அஞ்சு.”

“ரெண்டு.”

“ஒம்போது.”

ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரல். ஒரு முதியவர். ஒரு பெண். முறை வைத்துச் சொன்னார்கள். அவசரம் இல்லை. தவறு செய்துவிடக் கூடாது என்கிற கவனம் மட்டும் இருந்தது, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கவனம்.

“மூணு.”

“எட்டு.”

“ஏளு.”

மார்தேஸின் முன்கைகளில் மயிர் சிலிர்த்தது. பகடி செய்த குரல் அல்ல. பகடி செய்யப்பட்ட குரல். எதிர் மேசையில் ஆறு வருடம் அவள் கேட்ட குரல். பதிவைப் பின்னால் தள்ளிக் கேட்டாள். “ஏளு.” மறுபடி. “ஏளு.” பிறகு கை தவறி, நேரலைப் பொத்தானில் பட்டது.

ஹெட்போனுக்குள் எல்லாம் அடங்கியது. தண்ணீர் ஒரு சொட்டு. இன்னொன்று. யாரோ எச்சில் விழுங்கினார்கள். மிக அருகில்.

“நீ ஒண்ணு சொல்லேன்,” என்றது அந்தக் குரல்.

முன்கதவு திறந்தது. அவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினாள்.

சில்வன் இரண்டு காகிதப் பொட்டலங்களோடு வந்தார். நெற்றியில் வியர்வை, சட்டையில் திருவிழாவின் வண்ணக் காகிதத் துணுக்குகள். டூனா மீனும் கேப்பர் மொட்டும் வைத்த வட்ட ரொட்டியை மேசையில் வைத்து, கத்தி தேடி எடுத்து, பாதியாக வெட்டினார்.

“சாப்பிடும்மா. அந்த பேண்டுக்காரங்க தெருவை அடைச்சுட்டானுங்க. டிரம் அடிக்கிறவன் என் சித்தப்பா பையன், பாதி குடிச்சுட்டுத்தான் அடிக்கிறான், ஆனா தாளம் தப்பல.” அவள் முகத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். “கேட்டுட்டியா.”

“கீழே ஆளுங்க இருக்காங்க, சில்வன் சார்.”

“இருந்தா?”

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பல் வலிக்கு மருத்துவர் சொல்வது போலச் சொன்னார்.

“எத்தனை கம்பெனி பார்த்திருப்ப. எல்லாத்துலயும் எங்கேயாவது ஒரு கை உள்ள போயிருக்கும். மெஷின்னா ஒருத்தன் உடைப்பான். மனுஷன்னா காசு வாங்குவான். என் கேம்ல இத்தனை வருஷத்துல யாரை ஏமாத்தினோம்? ஒரு ஆளைக் காட்டு.” அவர் சன்னல் பலகையைப் பார்த்தபடி பேசினார். “அவங்களுக்கு யாரு ஜெயிக்கணும்னும் இல்ல, தோக்கணும்னும் இல்ல. ஒண்ணுமே வேணாம். எங்க அப்பா காலத்துல இந்தத் தெருவுல சீட்டுச் சண்டை வந்தாக்கூட இந்தக் கிணத்துக்கிட்டதான் வந்து கேப்பாங்க. நியாயமா சொல்லும்.”

“ரொவீனா எங்கே?”

“ஆஸ்திரேலியாவுலன்னு சொல்றாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் என்னம்மா சொல்றது. விதை நம்பர் சொன்னா, கையெழுத்துப் போட்டா. நல்ல பொண்ணு. கேட்டதும் சொன்னா.”

விதை எண். முத்திரை புதுப்பிக்கும்போது பரிசோதகர் கிணற்றுக்குள் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், மனதில் தோன்றும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். புது எண்கள் அதிலிருந்து முளைக்கும். விதிமுறையில் அது அரை வரி. அவள் அதைப் பலமுறை படித்திருந்தாள். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்திருந்தாள்.

அவள் எழுந்து போயிருக்கலாம். முன்கதவு திறந்துதான் கிடந்தது. தெருக்கோடியில் பேண்டு வாசித்தது. ஆனால் ரொவீனா மதிய வேளைகளில் தன் ஆரஞ்சைப் பாதி உரித்து, கேட்காமலே அவள் மேசையில் வைப்பாள். பார்க்காமல் போக முடியாது. மார்தேஸ் முற்றத்துக் கதவைத் திறந்தாள்.

வெயில் கண்ணை வெட்டியது. கிணற்று மூடி இரும்பு. அதன் மேல் கூடத்தின் சிவப்பு முத்திரை, ரொவீனாவின் கையெழுத்து, கிழியாமல், சுருங்காமல். யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. சில்வன் முத்திரையைக் கீறி, கம்பியை மாட்டி, மூடியை ஒருபக்கமாக இழுத்தார். இரும்பு கல்லில் உராய்ந்தது. குளிர் எழுந்து வந்து அவள் முகத்தைத் தொட்டது. ஈரக்கல். பாசி. அதற்குள், மங்கலாக, ஆரஞ்சுத் தோல்.

“ஒண்ணே ஒண்ணும்மா. எதுவேணா சொல்லு. சின்ன நம்பர் போதும்.” அவர் திரும்பி நின்றுகொண்டார். “எனக்குக் கேக்கக் கூடாது. நான் காதைப் பொத்திக்கிறேன்.” வெடிச் சத்தத்துக்குப் பயந்த பையன் போல இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டார். அவர் முதுகில் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது.

மார்தேஸ் குனிந்தாள்.

ஒலிவாங்கியின் கறுப்பு வயர் குறுகிய கழுத்து வழியே இறங்கியது. வெயில் பக்கவாட்டுக் கல்லில் வழுக்கிக் கொஞ்ச தூரம் போய், கிணறு விரியும் இடத்தில் விட்டுவிட்டது. அதற்குக் கீழே தண்ணீர். தண்ணீரில் அவள் முகம்.

அவள் வாய் மூடியிருந்தது. தண்ணீரில் இருந்த வாய் அசைந்தது.

அவள் முகம் அல்ல.

கண் பழகியது. பக்கத்தில் இன்னொரு முகம். அதற்குப் பின் இன்னொன்று. மேலே பார்த்த முகங்கள். நெருக்கமாக. கிணற்றின் வயிறு முழுக்க. கழுத்துவரை தண்ணீர். வெளுத்த உதடுகள். எல்லா உதடுகளும் அசைந்தன. முறை வைத்து. ஒன்று நிற்க ஒன்று. சத்தம் அவள் வரை வரவில்லை. வயருக்கு மட்டும் கேட்கிற அளவு.

முன் வரிசையில் ரொவீனா.

முடி தலையோடு ஒட்டியிருந்தது. வயது ஏறவில்லை. வலி எதுவும் தெரியவில்லை. ஓயாமல் வேலை செய்கிற ஒருத்தியின் முகம். அவ்வளவுதான். அவள் உதடு அசைவதை நிறுத்தியது. பக்கத்து உதடுகள் நின்றன. பிறகு எல்லாமே நின்றன.

பார்த்தார்கள்.

கேட்டார்கள். வாயால் அல்ல. பேச்சு நின்ற அறையில் அடுத்தது உன் முறை என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. மார்தேஸ் வாழ்நாள் முழுக்க அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியே வந்தவள். மௌனத்தை யாராவது நிரப்ப வேண்டும் என்றால் அவள்தான் நிரப்புவாள். நாக்கின் நுனியில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவாக வந்தது. சின்ன எண். சொல்லச் சுலபம். பல்லுக்குப் பின்னால், உப்புக்கல் போல, கரைந்துவிடத் தயாராக.

சொல்லிவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும். கையெழுத்து பொய்யாகாது. எங்கோ பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு நியாயம் நடக்கும். கூடத்துக்கு வேலை இருக்கும். யாரும் கோபிக்க மாட்டார்கள். வாய் திறந்தது. அவளுடைய வாய். அவள் பார்த்துக்கொண்டிருக்க.

அப்போதுதான் கண்டாள். ரொவீனாவின் இடப்பக்கம், அவ்வளவு நெருக்கத்தில், ஒரு ஆள் அகலத்துக்கு, தண்ணீர் காலியாக இருந்தது. யாரும் அதில் சாயவில்லை. தோள்களைக் குறுக்கிக்கொண்டு விட்டு வைத்திருந்தார்கள்.

மார்தேஸ் வாயை மூடினாள். பற்களைச் சேர்த்துக் கடித்தாள். எண் உள்ளேயே கிடந்து துடித்தது. இரண்டு கைகளாலும் கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு, ரொவீனாவின் கண்ணைப் பார்த்து, தலையை ஒருமுறை, மெதுவாக, இடமும் வலமுமாக ஆட்டினாள்.

கீழே ஒரு முகமும் மாறவில்லை. ரொவீனாவின் கை தண்ணீரிலிருந்து எழுந்தது. ஊறிச் சுருங்கிய உள்ளங்கை. விருந்தாளி உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்து வைப்பது போல, அந்தக் காலி இடத்துத் தண்ணீரை அன்பாகத் தடவிக் கொடுத்தது.

“சொல்லிட்டியாம்மா?” காதிலிருந்து விரலை எடுக்காமலே, திரும்பாமலே, சில்வன் உரக்கக் கேட்டார்.

கை தடவிக்கொண்டே இருந்தது.

“இல்ல,” என்றாள் மார்தேஸ், அவருக்குக் கேட்காத குரலில். “சொல்ல மாட்டேன்.”